சந்தோஷத்தில் சாய்கிறவள்

தமிழ்மொழிக்குச் சந்தோஷம் வந்தால் முதலில் தாடை தொங்கும். அப்புறம் கழுத்து. சந்தோஷம் பெரிதாக இருந்தால் முழங்கால் இரண்டும் மடிந்து, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே படுத்துவிடுவாள். நினைவு தப்பாது. சுற்றி நிற்கிறவர்கள் பேசுவது ஒரு வார்த்தை விடாமல் காதில் விழும். கை காலை அசைக்க முடியாது, நாக்கைப் புரட்ட முடியாது, அவ்வளவுதான். ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனால் இரண்டு. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உடுப்பைத் தட்டிவிட்டுக்கொள்வாள்.

துக்கத்தில் ஒருத்தி விழுந்தால் ஊருக்குப் புரியும். சிரித்துவிட்டு விழுகிறவளை என்னவென்று சொல்வது? கோட்டுச்சேரியில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காக்காய் வலிப்பு என்று கையில் சாவிக்கொத்தைத் திணித்தவர்கள் உண்டு. காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்தவர்களும் உண்டு. கல்யாணமான புதிதில் ஒருமுறை விழுந்தபோது, விசேஷம்தான் என்று முடிவு கட்டி மாமியார் வீட்டில் பாயசமே வைத்துவிட்டார்கள்.

தூக்கம் இதற்கெல்லாம் முன்பே வந்து சேர்ந்திருந்தது. பிளஸ் ஒன் படிக்கும்போது அவள் பரீட்சைத் தாளில் பாதி வரி தமிழாக இருக்கும், மீதி வரி கோழி கிளறியதுபோல இருக்கும். எழுதிக்கொண்டே தூங்கியிருப்பாள். பஸ்ஸில் ஏறினால் காரைக்காலில் இறங்க வேண்டியவள் நாகூரில் கண் விழிப்பாள். ராத்திரியிலாவது ஒழுங்காகத் தூங்குவாளா என்றால் அதுவும் இல்லை. திடுக்கென்று விழிப்பு வரும். விழித்தாலும் உடம்பு அசையாது. யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். பாரதியார் வீதியில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாடிக்கையாளருக்குப் போனைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. முதலாளி நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கும்மா, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தூக்கம் அவளை நெருங்காது. மைக்குக்கு முன்னால்.

பள்ளிக்கூட நாளில் பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு வர்ணனை சொல்ல வந்தவர் சாப்பிடப் போன நேரத்தில் அவள் மைக்கைப் பிடித்தாள். சாப்பிட்டு வந்தவருக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு காரைக்கால் பக்கம் கபடி என்றால் தமிழ்மொழிதான். ஆட்டக்காரர்களுக்கு அவள் வைக்கிற பட்டப்பெயர் அடுத்த நாள் அவர்கள் தெருவில் புழங்கும். ஒருவன் எதிர்க்கோட்டுக்குள் கால் வைத்தால் போதும், அவன் மூச்சு, முழங்கால், முகத்துத் திருட்டுத்தனம் எல்லாம் ஒலிபெருக்கியில் ஓடும். வயலில் வேலையாக இருக்கிறவர்கள்கூட நிமிர்ந்து நின்று கேட்பார்கள்.

அந்த மைக்கும் ஒருநாள் கைவிட்டது. சொந்த ஊர் அணி ஒற்றைப் புள்ளியில் கோப்பையைத் தட்டிய நொடியில், மேடையில் நின்று கத்திக்கொண்டிருந்த தமிழ்மொழியின் குரல் பாதி வார்த்தையில் நின்றது. மைக் விழுந்து கீச்சிட்டது. பின்னாலேயே அவளும் படிக்கட்டில் உருண்டாள். நெற்றியில் தையல். அதைப் போட்ட டாக்டர்தான் சந்தேகப்பட்டு, பாண்டிச்சேரியில் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒரு ராத்திரி முழுக்கத் தலையில் ஒயர்களை ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் பகலிலும் விட்டு விட்டுத் தூங்கச் சொன்னார்கள். படுத்த வேகத்தில் கனவுக்குள் போய்விட்டாள் என்று ஆச்சரியப்பட்டார்கள். அந்த டாக்டரம்மாதான் முதன்முதலாக அதற்கு ஒரு பெயர் சொன்னார். நார்கோலெப்சி. மூளையில் விழிப்பைப் பிடித்து நிறுத்துகிற ஒரு சுரப்பு அவளுக்குக் குறைவு. அதனால் தூக்கம் நினைத்த நேரத்தில் உள்ளே வரும்; தூக்கத்தில் தசைகள் தளர்கிற தளர்ச்சி, சிரிப்பு வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் விழித்திருக்கும்போதே வரும். பேயும் இல்லை, வலிப்பும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. முழுக்கப் போகாது, ஆனால் சமாளிக்கலாம். தமிழ்மொழி அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். இத்தனை வருஷமாகக் கும்பகர்ணி என்று கூப்பிட்டவர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்போல இருந்தது. அந்த நினைப்பே சந்தோஷமாகிவிட, டாக்டரம்மா மேஜை மீதே தலை சாய்ந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, மத்தியானம் தவறாமல் ஒரு குட்டித் தூக்கம். சில மாதங்களில் விழுவது வெகுவாகக் குறைந்தது. பஸ்ஸில் சரியான நிறுத்தத்தில் இறங்கினாள். பெரிய சந்தோஷம் வந்தால் மட்டும் இன்னமும் கால் மடிந்தது.

அவள் புருஷன் ஹரிஹரன் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரிகளை எடை போடுகிற மேடையில் வேலை பார்த்தான். நல்லவன். நல்லவனாக இருந்ததுதான் தொந்தரவாகிவிட்டது. சந்தோஷம்தானே அவளைத் தள்ளிவிடுகிறது, அது வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போயிற்று என்று முடிவு செய்துவிட்டான். டிவியில் சிரிப்புச் சேனல்கள் நின்றன. கதை சொல்லிச் சிரிக்க வைக்கிற அவள் சித்தி மகனை வாசலோடு அனுப்பிவைத்தான். அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்த செய்தியை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மெதுவாக, உட்கார வைத்துச் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்து யாரோ போய்விட்டார்கள் என்று தமிழ்மொழி அழுதே விட்டாள்.

மைக் பக்கம் போகவே கூடாது என்றான். அவளும் சரி என்றாள். நெற்றித் தழும்பு அவளையும் பயமுறுத்தியிருந்தது. போனில் கபடி நேரலை வந்தால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. ஒருநாள் மாடியில் வடகம் காயப்போட்டுவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தவள், காக்கை ஒன்று பக்கவாட்டில் தத்தித் தத்தி வருவதைப் பார்த்ததும் தன்னை அறியாமல் வாய்க்குள் வர்ணிக்க ஆரம்பித்தாள். காக்கை வடகத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது குரல் தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டில் கைதட்டினார்கள். தமிழ்மொழி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். விழவில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒன்று தெரிந்துபோயிற்று, இனிமேல் இப்படியே இருக்க முடியாது என்று.

அந்த நேரம் பார்த்துத்தான் மன்சூர் அலி வந்தார். மைக் செட் வைத்திருக்கிறவர். அவளுடைய எல்லா ஆட்டங்களுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியவர். மாசி மகத்தை ஒட்டி மண்டபத்தூர் கடற்கரையில் கபடிப் போட்டி. முதன்முறையாகப் பெண்கள் அணிகளும் ஆடுகின்றன. இறுதிப் போட்டியில் உள்ளூரான மண்டபத்தூரும் கோட்டுச்சேரியும் மோதுகின்றன. வழக்கமாக வருகிற நாகப்பட்டினத்து வர்ணனையாளருக்குத் தொண்டை கட்டிச் சத்தமே வரவில்லை. தங்கச்சி வரணும், வேறு ஆளை மனசு ஒப்பவில்லை என்றார்.

ஹரிஹரன் முடியாது என்றான். படிக்கட்டில் உருண்டதை நினைவுபடுத்தினான். அடுத்த முறை தலை எங்கே மோதுமோ என்றான். அவன் பயம் பொய்யில்லை; அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான். மன்சூர் அலி டீயைக் குடித்தார். தமிழ்மொழிதான் பேசினாள்.

"ஏங்க, விழாம இருக்கணும்னா நான் சந்தோஷப்படாம இருக்கணும். ரெண்டு வருஷம் இருந்து பாத்துட்டேன். அதுக்கு விழுந்துட்டே எந்திரிச்சிக்கலாம்ங்க."

அவன் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனான். மறுநாள் காலை திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், மேடையில் கைவைத்த நாற்காலி கிடைக்குமா என்று கேட்டான். உயரமான மேடை வேண்டாம், தரையோடு ஒட்டிய மேடை போதும் என்றான். சுற்றிலும் பாய் விரிக்கச் சொல்லலாமா என்றான். தமிழ்மொழிக்குக் கழுத்து லேசாகத் துவண்டது. சுவரில் சாய்ந்துகொண்டு தலையை ஆட்டினாள்.

பாண்டிச்சேரி டாக்டரம்மாவைப் போனில் கேட்டாள். போயிட்டு வாங்க என்றுதான் அவர் முதலில் சொன்னார், எச்சரிக்கையெல்லாம் பிறகு. நிற்கக் கூடாது, உட்கார்ந்தே பேச வேண்டும். மாத்திரை நேரம் தவறக் கூடாது. ஆட்டத்துக்கு முன்னால் இருபது நிமிஷம் தூங்கிவிட வேண்டும். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அவள் சாய்ந்து கிடக்கிற அந்த ஒரு நிமிஷம் மைக்கில் யார் பேசுவது? ஆட்டம் அவளுக்காக நிற்காதே. மன்சூர் அலி, நீங்கதான் மச்சான், தினமும் மைக்ல தானே பேசுறீங்க என்று ஹரிஹரனைக் காட்டினார். லாரி நம்பரை வாசித்து, உள்ளே வா, நில்லு, போ என்று சொல்வதுதான் அவன் மைக் அனுபவம். புள்ளி எண்ணிக்கையை மட்டும் சொல்வேன், மேற்கொண்டு ஒரு வார்த்தை வராது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான்.

அன்றைக்கு மண்டபத்தூரில் கடற்காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. மணல்மேல் மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, இழுத்து அடித்த ஆடுகளம். சுற்றிலும் தலைகள். ஏற்றி வைத்த படகுகளின் மேலெல்லாம் ஆள். காலையில் கோலா மீன் வாங்க வந்தவர்கள்கூடப் பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். கோட்டுச்சேரியிலிருந்து இரண்டு டிராக்டரில் பெண்கள் மேளத்தோடு வந்து இறங்கினார்கள். இந்த ஆரவாரத்தின் நடுவே மைக் செட் வேனுக்குள் தமிழ்மொழி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

விழாக் கமிட்டிச் செயலாளர் தெட்சிணாமூர்த்தி அதைப் பார்த்துவிட்டார். இந்தம்மாவா பேசப் போவது என்று மன்சூர் அலியிடம் கேட்டு, விஷயம் தெரிந்ததும் வேர்த்துப்போனார். மேடையில் ஏதாவது ஆகிவிட்டால் கமிட்டிதான் பதில் சொல்ல வேண்டும், பொம்பளைங்க ஆட்டம் முதல் தடவை நடக்கிறது, அதில் இப்படி ஒரு சங்கடம் வேண்டாம் என்று தயங்கினார். பேச்சுச் சத்தத்தில் எழுந்து வந்த தமிழ்மொழி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். முகம் கழுவிய ஈரத்தோடு, நானே எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன், கேட்ட பிறகும் கூட்டம் வேண்டாம் என்றால் போய்விடுகிறேன் என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து மைக்கைத் தட்டினாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு தன் மூச்சு குழாயில் பெரிதாகக் கேட்டது.

"மண்டபத்தூர் மக்களுக்கும் கோட்டுச்சேரி சொந்தங்களுக்கும் வணக்கம். ஆட்டத்துக்கு முன்னாடி என் கதை ஒரு நிமிஷம். எனக்கு ஒரு நோய் இருக்கு. ரொம்ப சந்தோஷம் வந்தா உடம்பு தளர்ந்து சாஞ்சிடுவேன். பயப்படாதீங்க. தண்ணி தெளிக்காதீங்க, சாவி குடுக்காதீங்க. ஒரு நிமிஷத்துல எந்திரிச்சிருவேன், நீங்க பேசுறதெல்லாம் எனக்குக் கேட்டுக்கிட்டுதான் இருக்கும், அதனால பாத்துப் பேசுங்க. நான் சாஞ்சா ஆட்டம் பிரமாதமா இருக்குன்னு அர்த்தம். சாய வைக்கிறது இந்தப் பொண்ணுங்க கையில இருக்கு."

அப்புறம் படகுப் பக்கமிருந்து யாரோ விசில் அடித்தார்கள். விசில் கைதட்டலானது. தெட்சிணாமூர்த்தி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஆரம்பிங்க என்று கை காட்டினார்.

அதற்குப் பிறகு அவளை யார் பிடிப்பது? கோட்டுச்சேரியின் விஷ்ணுப்ரியா பாடிக்கொண்டு போனால் கெண்டை என்றாள். கையில் அகப்படாது, வழுக்கும் என்றாள். மண்டபத்தூரின் உமாமகேஸ்வரி கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள். அவளுக்கு நங்கூரம் என்று பெயர் வைத்தாள். பெயர் விழுந்த மறு நொடியே கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. கெண்டை, கெண்டை என்று ஒரு பக்கம். நங்கூரம் என்று கடலோரம் முழுக்க. ஆடுகிற பெண்களுக்கே அது ஏறிப்போயிற்று. உமாமகேஸ்வரி ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் மேடையைத் திரும்பிப் பார்த்தாள், அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று.

முதல் பாதி முடிகிற நேரம் மண்டபத்தூர்ப் பெண்கள் மூன்றே பேர் மிஞ்சி நின்று, பாடி வந்தவளை அப்படியே அலாக்காகத் தூக்கி வெளியே வைத்தார்கள். தமிழ்மொழி அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை குழைந்தது. தாடை தொங்கி, தலை நெஞ்சில் விழுந்தது. ஹரிஹரன் பக்கத்து மைக்கை எடுத்தான். தொண்டையைச் செருமினான்.

"மண்டபத்தூர் பதினாலு. கோட்டுச்சேரி பதினொண்ணு. நன்றி."

அந்த நன்றிக்குக் கூட்டம் குலுங்கியது. அக்கா சாஞ்சுட்டாங்க என்று எங்கிருந்தோ ஒரு குரல், உடனே ஆடுகளம் முழுக்க ஆரவாரம். தங்கள் ஆட்டம் அவளைச் சாய்த்துவிட்டது என்று மண்டபத்தூர்ப் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். தமிழ்மொழிக்கு எல்லாம் காதில் விழுந்தது. இத்தனை வருஷமாக அவள் விழுந்தால் ஐயோ என்றுதான் கேட்டிருக்கிறாள். கைதட்டிக் கேட்டது அன்றைக்குத்தான். தலை நிமிர்ந்ததும், எங்கே விட்டேன் என்று கேட்டுத் தொடர்ந்தாள்.

இரண்டாம் பாதியில் காற்றும் ஆட்டமும் சேர்ந்து ஏறின. கோட்டுச்சேரி துரத்தியது. மண்டபத்தூர் விலகிப்போனது. மறுபடி துரத்தியது. வெயில் தாழ்ந்து படகுகளின் நிழல் நீண்டபோது மண்டபத்தூர் ஒரே புள்ளி முன்னால். கடைசி ரெய்டு. விஷ்ணுப்ரியா நெற்றியில் மண்ணைத் தொட்டு வைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். எதிரே நான்கு பேர் கைகோத்து நின்றார்கள். நடுவில் உமாமகேஸ்வரி.

"போறா கெண்டை. வலையை விரிச்சு வச்சிருக்காங்க, தெரிஞ்சே போறா. இடது பக்கம் பாக்குறா, வலது பக்கம் கால் போகுது. நம்பாதீங்க, அவ கண்ணை நம்பாதீங்க. ஓரத்துல நிக்கிற பொண்ணு காலை இழுக்குறா, இழுக்குறதுக்குள்ள, தொட்டுட்டா. கட்டைவிரலால தொட்டுட்டா. திரும்பணும், திரும்பினாத்தான் கணக்கு, திரும்புறா…"

உமாமகேஸ்வரி பாய்ந்தாள். பாய்ந்த கை விஷ்ணுப்ரியாவின் கணுக்காலில் பூட்டுப்போல விழுந்தது. தமிழ்மொழிக்கு அந்த நொடியில் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு குதூகலம் ஓடியது. அவ்வளவுதான். கையிலிருந்த மைக் மடியில் விழுந்தது. கழுத்து சரிந்து கன்னம் நாற்காலிக் கையில் படிந்தது. பாதி திறந்த கண்ணில் ஆடுகளம் சாய்ந்து தெரிந்தது. நடுக்கோடு அடிவானம்போலக் குறுக்கே கிடந்தது. விஷ்ணுப்ரியா அதை நோக்கி மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.

ஹரிஹரன் மைக்கை எடுத்துவிட்டான். எடுத்தவனுக்குப் புள்ளி எண்ணிக்கை மறந்துபோயிற்று.

"வண்டி மாட்டிக்கிச்சு," என்றான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. "வண்டி இல்ல, பொண்ணு. பொண்ணு மாட்டிக்கிச்சு. ஆனா நிக்கல. நகருது. மேல இன்னொரு பொண்ணு ஏறிடுச்சு, ஓவர்லோடு, ஓவர்லோடு ஆயிடுச்சு, அப்பவும் நகருது. கொஞ்சம் முன்ன வா. முன்ன வா. இன்னும் ஒரு சாண் வா. வா, வா, வா…"

தமிழ்மொழிக்கு உள்ளே சிரிப்பு பீறிட்டது. வெளியே ஒரு தசை அசையவில்லை. சிரிக்கச் சிரிக்க உடம்பு இன்னும் தளர்ந்தது. எழுந்துவிடலாம் என்று பார்த்தால் ஹரிஹரன் அடுத்த வார்த்தையைச் சொன்னான், மறுபடி தளர்ந்தாள். சாய்ந்த கண்ணுக்குள் விஷ்ணுப்ரியாவின் கை நீண்டது. விரல்கள் மண்ணைப் பிறாண்டின. நடு விரல் நுனி கோட்டைத் தொட்டதா, தொடவில்லையா என்று தெரியவில்லை. விசில் ஒலித்தது.

நடுவர்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். தனியே போய்ப் பேசினார்கள். மேளம்கூட நின்றுவிட்டது. பிறகு பெரிய நடுவர் கோட்டுச்சேரிப் பக்கம் கையை நீட்டி, தொடப்பட்டவள், பிடித்தவள், மேலே ஏறியவள் என்று மூன்று விரல் காட்டினார்.

ஆரவாரத்தில் கடற்கரை கிழிந்தது. ஹரிஹரன் மைக்கோடு குனிந்து அவள் காதோரம் சொன்னது அத்தனை குழாயிலும் கேட்டது: "தமிழு, கெண்டை கரை சேந்துடுச்சு. ஜெயிச்சாச்சு தமிழு." அவன் முகமெல்லாம் பல்லாக இருந்தது. அவன் சொல்லி முடித்ததில் அவளுக்கு இன்னொரு நிமிஷம் போயிற்று. தெட்சிணாமூர்த்தி மேடை ஓரத்தில் நின்று, யாரும் கிட்டே வராதீங்க, தண்ணி தெளிக்காதீங்க என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தபோது விஷ்ணுப்ரியா முழங்கையெல்லாம் சிராய்ப்போடு மேடையருகே வந்து நின்றாள். மூச்சு வாங்க, கடைசி ரெய்டை நீங்க சொல்லவே இல்லையேக்கா என்றாள். பின்னாலேயே வந்த உமாமகேஸ்வரி தோற்ற வருத்தத்தை முகத்தில் வைத்துக்கொண்டே, என் பிடியையும் சொல்லணும், அது நல்ல பிடி என்றாள். கூட்டமும் சேர்ந்துகொண்டது. சொல்லுங்க, சொல்லுங்க என்று படகுகளிலிருந்து தட்டினார்கள். தமிழ்மொழி மைக்கை எடுத்து, முடிந்துபோன ரெய்டை நெற்றியில் மண் தொட்டதிலிருந்து விரல் நுனி வரை மறுபடி நடத்திக் காட்டினாள். முடிவு தெரிந்தும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. நங்கூரம் விழுந்த இடத்தில் மண்டபத்தூர் எழுந்து நின்று கைதட்டியது.

திரும்பி வரும்போது வேனில் தூங்கிப்போனாள். மறுநாளும் உடம்பு அடித்துப் போட்டதுபோலக் கிடந்தது. ஒரு சந்தோஷத்துக்கு இரண்டு நாள் தூக்கம் கூடுதலாகக் கேட்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நிரவியிலிருந்து கூப்பிட்டார்கள், போனாள். அடுத்தடுத்த நாளில் இரண்டு ஊரில் ஆட்டம் என்றால் ஒன்றை விட்டுவிட்டாள். ஸ்கூட்டி ஓட்டும் ஆசையைத் தள்ளி வைத்தாள். மேடையில் தூங்குற பொம்பளை என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருந்தார்கள்.

அந்த ஆட்டத்தை யாரோ போனில் பிடித்து நேரலையாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுக் காரைக்காலிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் உம்மு சல்மா. புருஷன் துபாயில். அவளுக்கும் தமிழ்மொழி வயசுதான். ரொம்ப நேரம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, சிரிச்சா உங்களுக்கு முதல்ல தாடைதான் தொங்குமா என்று கேட்டாள். தமிழ்மொழி போனை இறுகப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தன்னைப்போல இன்னொருத்தி இதே ஊர்க் காற்றைக் குடித்துக்கொண்டு இருப்பாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமையே ஹரிஹரனோடு போனாள். உம்மு சல்மா சுவரோரம் மெத்தை விரித்து வைத்திருந்தாள், முன்யோசனையாக. யாருக்கும் தெரியாமல் இருக்கத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் சிரிப்பாளாம். நிக்காஹ் அன்று தூங்கி விழுந்ததை வெட்கம் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்களாம். தமிழ்மொழி பாயசக் கதையைச் சொன்னாள். டாக்டரம்மா நம்பரைக் கொடுத்தாள். அடுத்த வாரம் மூன்று பேருமாகப் பாண்டிச்சேரி போவது என்று பேசி முடித்தார்கள்.

பேச்சு மறுபடி ஆட்டத்துக்கு வந்தது. உம்மு சல்மா ஹரிஹரனைப் பார்த்து, அண்ணே, அந்த ஓவர்லோடை ஒருதரம் சொல்லுங்களேன் என்றாள். அவன் கூச்சத்தோடு சொன்னான். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உம்மு சல்மாவின் தாடை தொங்கியது. அதைப் பார்த்த தமிழ்மொழியின் கழுத்து சரிந்தது. தோளோடு தோள் உரச இரண்டு பேரும் மெதுவாகச் சரிந்து மெத்தையில் சாய்ந்தார்கள்.

உள்ளேயிருந்து உம்மு சல்மாவின் மாமியார் பதறி ஓடி வந்தார். ஹரிஹரன் எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கம்மா, ஒண்ணுமில்ல. சிரிக்கிறாங்க."